சிந்தெடிக் ஜெட்டில் நாசில் வடிவம்: காற்றோட்டத்தையும் சத்தத்தையும் தீர்மானிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மூடிய அறை, அதன் ஒரு சுவராக அதிரும் டயாஃப்ரம், எதிர்ச் சுவரில் ஒரு துளை. விசிறியின் இறக்கைகளோ வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயோ இல்லாமல் இவ்வளவை மட்டும் வைத்துக் காற்றுத் தாரையை உண்டாக்கும் அமைப்பே சிந்தெடிக் ஜெட். டயாஃப்ரம் முன்னே வரும்போது துளை வழியே காற்று வெளியேறுகிறது. பின்னே போகும்போது அதே அளவு காற்று உள்ளே வருகிறது. ஒரு முழுச் சுற்றில் துளையைக் கடந்த காற்றின் நிகர நிறை சுழியம். ஆனாலும் முன்னோக்கிய உந்தம் கிடைக்கிறது. ஊதும் பாதியில் வெளிவரும் காற்று துளையின் விளிம்பில் பிரிந்து, சுழல் வளையமாகச் சுருண்டு, அப்பால் போய்விடுகிறது. உறிஞ்சும் பாதியில் வரும் காற்றோ துளையைச் சுற்றி எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடிகிற நாம் அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

ஒலி அலை செலுத்தப்பட்ட துளைகளில் இவ்வகைக் காற்றோட்டம் எழுவதை இங்கார்டும் லபாத்தேயும் 1950-லேயே பதிவு செய்துள்ளனர். ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஸ்மித்தும் கிளெசரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்தது. விமான இறக்கை மேல் காற்று பிரிந்துவிடாமல் தடுப்பதிலும், எல்.இ.டி. விளக்கு, மின்னணுச் சில்லு ஆகியவற்றைக் குளிர்விப்பதிலும் இது பயன்படுகிறது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இது பரவலாக நுழையாததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று சத்தம்.

நாசிலின், அதாவது காற்று வெளிவரும் துளையின், வடிவத்தை மாற்றினால் சத்தம் குறையும் என்ற எண்ணத்தில் பலரும் நேரடியாகப் பல்விளிம்பு, நட்சத்திரம், நீள்வட்டம் என்று அச்சடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வரிசை. அடிப்படைச் சுருதியின் (டயாஃப்ரம் அதிரும் அதே அதிர்வெண்ணில் எழும் ஒலியின்) உரப்பைத் தீர்மானிப்பவை துளையின் பரப்பும் வேகமும் அதிர்வெண்ணுமே. வடிவத்தின் ஆட்சி அதற்கு மேலுள்ள சுருதிகளிலும் இரைச்சலிலும்தான் தொடங்குகிறது. ஆகவே கீழ்வரும் படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது.

படி 1: ஒரே ஒரு சோதனை அமைப்பை நிலைநிறுத்துதல்

எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அதன் கூம்பின் பயனுறு விட்டம் 80 மி.மீ. அதன் முன்னே சுமார் 15 மி.மீ. ஆழமுள்ள அறை, அதன் கன அளவு 75 கன செ.மீ. அறையை மூடும் தகட்டின் நடுவே 10 மி.மீ. விட்டமுள்ள துளை, தகட்டின் தடிமன் 5 மி.மீ. ஸ்பீக்கரின் பின்புறத்தைத் தனிப் பெட்டியில் அடைத்துவிட வேண்டும். இல்லையெனில் பின்புறத்திலிருந்து எதிர்க் கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறு) வரும் ஒலி முன்புற ஒலியை ஓரளவு அழித்து, நாசிலுக்குச் சேராத நற்பெயரை நாசிலுக்கு வாங்கித் தந்துவிடும்.

தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டியிருப்பதால் ரப்பர் கேஸ்கெட்டும் நான்கு திருகுகளும் போதும். காற்றுக் கசிவு உள்ள இடத்தில் எழும் சீறல் அளவீட்டையே கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மூட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்க்கவும். நாசிலை முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் துளையின் அச்சு செங்குத்தாக நிற்குமாறு வைத்து அச்சிட வேண்டும். அப்போது அடுக்குக் கோடுகள் வளையங்களாக அமையும். துளை ஒரு பக்கம் நசுங்காது. அச்சில் துளை சற்றுச் சிறிதாகவே வரும் என்பதால் சரியான அளவு டிரில் பிட்டை ஒருமுறை கையால் செலுத்திச் சீர்செய்யவும்.

படி 2: உந்து நீளத்தைக் கணக்கிடுதல்

ஊதும் பாதியில் துளை வழியே வெளிவரும் காற்றுத் தண்டின் நீளமே உந்து நீளம். வேகம் சைன் அலையாக மாறினால், உச்ச வேகத்தை அதிர்வெண்ணாலும் 3.14-ஆலும் வகுத்தால் அது கிடைக்கும். கூம்பு 100 ஹெர்ட்ஸில் கால் மி.மீ. வீச்சோடு அதிரும்போது நம் துளையில் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். உந்து நீளம் 32 மி.மீ.; துளை விட்டத்தைப் போல் 3.2 மடங்கு.

இந்த மடங்குதான் முதலில் பார்க்க வேண்டிய எண். வட்டத் துளையில் இது ஏறக்குறைய 0.5-க்குக் கீழே போனால் சுழல் வளையம் தப்பிச் செல்வதற்குள் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும்; ஜெட் உருவாகாது. நீண்ட பிளவாக இருந்தால் பிளவின் அகலத்தைப் போல் மூன்று மடங்காவது தேவை. ஹோல்மன் குழுவினர் 2005-ல் தந்த உருவாக்க அளவுகோலிலிருந்து கிடைக்கும் எல்லைகள் இவை. மேல் எல்லை என்று கறாராக ஏதும் இல்லை. ஆனால் நான்கு மடங்கைத் தாண்டும்போது ஒரு வளையம் தன்னால் கொள்ள முடிந்த சுழிப்பைக் கொண்டுவிடுகிறது. மிச்சக் காற்று அதன் பின்னே வாலாக இழுபடுகிறது. கரீப், ரம்போட், ஷரீஃப் ஆகியோர் 1998-ல் சுழல் வளையங்களில் கண்ட எண் இது. சிறிய தூரத்தில் குளிர்விப்பதற்கு 3 முதல் 6 மடங்கு வரை வைத்துக்கொள்வது வசதியானது.

படி 3: சுருதியின் உரப்பை முன்கூட்டியே அறிதல்

துளையிலிருந்து காற்று உள்ளும் புறமும் போய்வருவதே ஓர் ஒலி மூலம். பரப்பையும் வேகத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் ஒலியழுத்தம் எழும். இதில் வட்டமா சதுரமா என்ற கேள்விக்கே இடமில்லை. பரப்பு ஒன்றாக இருந்தால் சுருதியும் ஒன்றே.

நம் எடுத்துக்காட்டில், 100 ஹெர்ட்ஸில், ஒரு மீட்டர் தொலைவில், திறந்த வெளியில் இது சுமார் 64 டெசிபெல். காதின் உணர்திறனுக்கு ஏற்ப ஏ-எடையிட்டால் 45. அதே துளையை அதே வேகத்தில் 500 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 78 டெசிபெல்; எடையிட்ட பின்னும் 75. போதாக்குறைக்கு உந்து நீளம் விட்டத்தில் 0.64 மடங்காகச் சுருங்கி, ஜெட் உருவாகும் விளிம்புக்கே வந்துவிடும். சத்தம் அதிகம், காற்று குறைவு! மாறாக 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 58 டெசிபெல். ஏ-எடையிட்டால் வெறும் 28. உந்து நீளமோ 6.4 மடங்கு. எந்த நாசில் வடிவமும் தர முடியாத லாபத்தை அதிர்வெண் ஒன்றே தந்துவிடுகிறது. விலையாகக் கூம்பு இரு மடங்கு தூரம் நகர வேண்டும். மின்னழுத்தம் தந்தால் வளையும் மெல்லிய பீசோ தகடுகளால் இயலாததும் அதுவே.

பரப்பைப் பொறுத்தவரை ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. உந்தம் மாறாமல் துளைப் பரப்பைப் பாதியாக்கினால், வேகம் 1.4 மடங்காகும், சுருதி 3 டெசிபெல் குறையும். ஆனால் விளிம்பில் காற்று மோதி எழுப்பும் இரைச்சலின் திறன் வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளர்வதால், பரப்பு பாதியானதைக் கழித்த பின்னும் அது சுமார் 6 டெசிபெல் கூடும். பெரிய பேனலின் முகப்பில் துளையை வைத்தால் சுருதி மேலும் 6 டெசிபெல் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

படி 4: அறையும் கழுத்தும் எங்கே ஒத்ததிர்கின்றன என்று பார்த்தல்

அறைக் காற்று சுருள்வில்லாகவும், கழுத்துக் காற்று (தகட்டின் துளைக்குள் இருக்கும் காற்று) நிறையாகவும் செயல்பட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வைத் தருகின்றன. கழுத்தின் பயனுறு நீளத்துக்குத் தகட்டின் தடிமனோடு ஒவ்வொரு வாய்க்கும் ஆரத்தின் 0.85 மடங்கைக் கூட்ட வேண்டும். நம் துளைக்கு அது 13.5 மி.மீ. பரப்பைக் கன அளவாலும் இந்த நீளத்தாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலி வேகத்தால் பெருக்கி, 6.28-ஆல் வகுத்தால் சுமார் 480 ஹெர்ட்ஸ் வருகிறது.

ஓட்டும் அதிர்வெண் 100 என்பதால் இது தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் துளையின் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மூன்றாம், ஐந்தாம் ஒத்திசைகள் (ஓட்டும் அதிர்வெண்ணின் மூன்று, ஐந்து மடங்கில் வரும் ஒலிகள்) தாமாகவே எழும். ஐந்தாவது 500 ஹெர்ட்ஸில் விழுந்து ஒத்ததிர்வின் மடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அறையின் ஆழத்தையோ ஓட்டும் அதிர்வெண்ணையோ சற்று மாற்றி இந்தச் சந்திப்பைத் தவிர்க்கலாம்.

இன்னொரு சந்திப்பு அதைவிட நுட்பமானது. கூர்விளிம்புத் துளையின் ஒரு விளிம்பில் பிரிந்த காற்றுப் படலம் மறு விளிம்பைத் தாக்கும்போது விசில் எழலாம். அதிர்வெண்ணைத் தடிமனால் பெருக்கி வேகத்தால் வகுத்த எண் ஏறக்குறைய 0.2 முதல் 0.35 வரை இருக்கும் இடத்தில் அது வரும். 5 மி.மீ. தகட்டில், வினாடிக்கு 10 மீட்டரில், அது 400 முதல் 700 ஹெர்ட்ஸ். நம் ஒத்ததிர்வு இந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. 1 மி.மீ. தகட்டில் 2000 முதல் 3500 ஹெர்ட்ஸ். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி. வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குவதால் இது தூய விசிலாக ஒலிக்காது. சுற்றுக்கு ஓரிரு முறை வெட்டி வெட்டி வரும் சிர்ரென்ற ஒலியாகவே கேட்கும்.

படி 5: சமமான உந்தத்தில் ஒப்பிடுதல்

ஒரே மின்னழுத்தத்தில் இரண்டு நாசில்களை ஓட்டி, சத்தம் குறைந்ததைச் சிறந்தது என்று அறிவிப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த நாசில் குறைவாக ஊதியதால்கூட அமைதியாக இருந்திருக்கலாம்.

சூடான கம்பியால் காற்றின் வேகத்தை அளக்கும் சரியான ஹாட் வயர் அனிமோமீட்டர் விலை கூடியது. அது திசையையும் அறியாது. ஊதலும் உறிஞ்சலும் இரண்டு மேடுகளாகவே பதிவாகும். துளைக்கு அருகே இரண்டாவதைக் குறி மாற்றிப் படிக்க வேண்டும். நகைக்கடைகளில் பயன்படும் 0.01 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு இந்த வேலைக்கு எளிய மாற்று. தராசின் மேல் அகலமான அக்ரிலிக் தகடு ஒன்றை வைத்து, நாசிலை அதற்கு 100 மி.மீ. மேலே கீழ்நோக்கிப் பிடிக்கவும். நம் எடுத்துக்காட்டுக்குக் கணக்குப்படி கிடைக்க வேண்டிய விசை சுமார் 0.24 கிராம் எடைக்குச் சமம். ஒவ்வொரு நாசிலுக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திருகி இதே எண்ணைக் கொண்டுவந்த பிறகே ஒலியை அளக்கவும்.

ஒலிக்குக் கைப்பேசி மைக் உதவாது. குறைந்த அதிர்வெண்களை அது வெட்டிவிடும். ஒலி கூடினால் தானே உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். யூ.எஸ்.பி. அளவீட்டு மைக் ஒன்றை நாசிலின் பக்கவாட்டில், அச்சுக்குச் செங்குத்தாக அரை மீட்டர் தள்ளி வைக்கவும். ஜெட்டின் பாதையில் வைத்தால் காற்று மைக்கில் அடிப்பதே பதிவாகும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர் என்பதால் சாதாரண அறையில் மைக்கை ஓரடி நகர்த்தினாலே எண் மாறிவிடும். காற்று ஓய்ந்த இரவில் மொட்டை மாடி அதைவிட நம்பகமானது. முதலில் துளையை இறுக மூடி ஒரு பதிவு எடுத்துவிடவும். பெட்டியின் அதிர்வால் மட்டும் வருவது எவ்வளவு என்று அது காட்டும். மொத்த டெசிபெல்லோடு நிற்காமல் அலைக்கற்றையையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தையும்) பார்க்க வேண்டும்: அடிப்படை, இரட்டை ஒத்திசைகள், ஒற்றை ஒத்திசைகள், அதற்கு மேல் பரவிய இரைச்சல் என நான்கையும் தனித்தனியே குறித்துக்கொள்ளவும்.

படி 6: விளிம்புகள்

நாசிலில் பொறியாளர் கையில் இருக்கும் மிக வலிமையான கருவி விளிம்பின் வளைவு. அதுவும் உள் விளிம்புக்கும் வெளி விளிம்புக்கும் வேலை வேறு.

ஊதும்போது காற்று உள் விளிம்பைச் சுற்றித் திரும்பி வருகிறது. அது கூராக இருந்தால் ஓட்டம் பிரிந்து, நிலையான ஓட்டமாயின் துளைப் பரப்பின் 61 விழுக்காடாகவே குறுகிவிடும். ஊசலாடும் ஓட்டத்தில் குறுக்கம் இதைவிடக் குறைவாக இருந்தாலும் போக்கு அதுவே. குறுகிய இடத்தில் வேகம் கூடுகிறது, அழுத்தம் வீணாகிறது, கொந்தளிப்பு விளிம்பிலேயே தொடங்கிவிடுகிறது. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆரத்தில், அதாவது நமக்கு 2 மி.மீ., உள் விளிம்பை உருட்டிவிட்டால் துளை முழுவதும் நிரம்பி ஓடும். நானியும் ஸ்மித்தும் 2012-ல் உள் விளிம்பு ஆரத்தை மட்டுமே எடுத்து ஆராய்ந்து, இழப்பில் அதன் பங்கைக் காட்டினர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறுகிய தாரைக்கு வேகம் அதிகம் என்பதால், அதே கன ஓட்டத்துக்குக் கூர்விளிம்பு கூடுதல் உந்தம் தரும்; தராசில் அது வெற்றி பெறுவதுபோல் தோன்றும். ஆனால் 10 மி.மீ. கூர்துளை செய்வதை ஏறக்குறைய 8 மி.மீ. உருட்டிய துளை, வீண் இழப்பில்லாமல் செய்துவிடும். ஆகவே உருட்டும்போது விட்டத்தையும் குறைத்து ஒப்பிடுவதே நியாயம்.

வெளி விளிம்பின் கதை வேறு. ஊதும்போது காற்றுப் படலம் அங்கேதான் பிரிந்து வளையமாகச் சுருள வேண்டும். கூர்மை அதற்கு உதவுகிறது. தாராளமாக உருட்டினால் பிரியும் இடம் நழுவும், வளையம் அகன்று மந்தமாகும். ஆனால் உறிஞ்சும்போது அதே கூர்விளிம்பில்தான் காற்று உள்நோக்கிப் பிரிந்து, அறைக்குள் ஒரு தாரையாகப் பாய்ந்து, டயாஃப்ரத்தின் மேல் மோதுகிறது. அரை மி.மீ. ஆரம் என்பது நான் பரிந்துரைக்கும் நடுவழி. சுருள்வது கெடாது, விசிலின் வாய்ப்பும் குறையும்.

படி 7: வாயின் உருவம்

பரப்பு மாறாமல் உருவத்தை மட்டும் மாற்றினால் அடிப்படைச் சுருதி மாறாது என்று பார்த்தோம். காற்றோட்டம் மாறும். நீள்வட்டத்திலும் செவ்வகத்திலும் வளையத்தின் கூர் முனைகள் தம் வளைவினாலேயே வேகமாக முன்னேறி வளைகின்றன. சற்றுத் தொலைவில் நெட்டச்சும் குற்றச்சும் இடம் மாறிக்கொள்கின்றன. அதனால் சுற்றுக் காற்று கூடுதலாக இழுத்துச் சேர்க்கப்படுகிறது. 2010-ல் ஐ.ஐ.டி. பம்பாயில் வட்டம், சதுரம், செவ்வகம் மூன்றையும் சூடான பரப்பின் மேல் ஒப்பிட்ட ஆய்வில், குறைந்த தூரத்தில் செவ்வகமும், விட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கு அப்பால் சதுரமும் நன்றாகக் குளிர்வித்தன. ஆக, உருவத்தைத் தேர்வது சத்தத்துக்காக அல்ல. குளிர்விக்க வேண்டிய பொருள் இருக்கும் தூரத்துக்காக.

பிளவை மிக மெல்லியதாக்குவதில் கவனம் தேவை. 100 ஹெர்ட்ஸில் சுவரை ஒட்டி உராய்வால் காற்று மந்தமாகும் பாகுநிலைப் படலம் 0.22 மி.மீ. தடிமன் கொண்டது. 10 மி.மீ. வட்டத்தில் அது பொருட்டே இல்லை. நம் பரப்புக்குச் சமமான 1 மி.மீ.க்கு 78 மி.மீ. பிளவிலோ இரு சுவர்களும் சேர்ந்து அகலத்தில் பாதியை விழுங்கிவிடும். 2 மி.மீ.க்கு 39 மி.மீ. வரை போகலாம்.

பல்விளிம்பு நாசில்களைப் பற்றி ஒரு சொல். போயிங் 787-ன் எஞ்சின் உறையின் பின்விளிம்பில் தெரியும் பற்கள் மிக வேகமான தாரையின் கலப்பு இரைச்சலுக்காக வந்தவை. அந்த இரைச்சலின் திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் வளர்வது. வினாடிக்கு 10 மீட்டரில் ஓடும் நம் ஜெட்டில் அந்த மூலம் கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. பற்களும் மடல்களும் வளையத்தின் ஒழுங்கை உடைத்து விளிம்பு இரைச்சலை மாற்றக்கூடும்; ஆனால் சுற்றளவு கூடுவதால் உராய்வும் கூடும். கடைசியாக முயல வேண்டியது இது.

படி 8: எதிர்க் கட்டத்தில் இரண்டாவது நாசில்

அடிப்படைச் சுருதியை உண்மையிலேயே வீழ்த்தும் வழி, ஸ்பீக்கரின் பின்புற அறைக்கும் அதே போன்றொரு நாசிலைத் தருவதே. ஒன்று ஊதும்போது மற்றது உறிஞ்சும்; தொலைவில் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் லசான்ஸும் ஆர்ட்ஸும் 2008-ல் வெளியிட்ட இருமுனைக் குளிர்விப்பான் இந்தக் கொள்கையில் அமைந்தது. வாய்கள் 50 மி.மீ. இடைவெளியில் இருந்தால் 100 ஹெர்ட்ஸில் குறைந்தது 20 டெசிபெல் குறைய இடமுண்டு. 500-ல் சுமார் 7. 1000-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரு ஓட்டங்களிலும் பத்து விழுக்காடு வேறுபாடு இருந்தாலே லாபம் 20 டெசிபெல்லோடு நின்றுவிடும் என்பதால், பின்புறக் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்து இரு அறைகளின் கன அளவையும் சமப்படுத்த வேண்டும். வாய்களை மேலும் நெருக்கினால் ஒன்று ஊதியதை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு இடைவெளிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இங்கேதான் நாசிலின் வடிவம் மறுபடியும் முன்னே வருகிறது. அரைச் சுற்றுத் தள்ளி இயங்கும் இரு மூலங்களில் ஒற்றை ஒத்திசைகள் அழிகின்றன. இரட்டை ஒத்திசைகளோ ஒரே கட்டத்தில் இருப்பதால் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. இரட்டை ஒத்திசைகளைப் பிறப்பிப்பது ஊதலுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தடை வேறுபாடு. உள் விளிம்பை உருட்டி வெளி விளிம்பைக் கூராக விட்ட நாசில், அதாவது படி 6-ல் காற்றோட்டத்துக்காக நாம் விரும்பிய அதே நாசில், அந்த வேறுபாட்டை வளர்க்கிறது. இரட்டை அமைப்பில் அலைக்கற்றையைப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் கோடு சரிந்து, 200 ஹெர்ட்ஸ் கோடு தனித்து நிற்பது தெரியும். காதின் எடையில் அது எட்டு டெசிபெல் சலுகையையும் இழந்துவிட்ட கோடு.

ஆகவே ஒற்றை நாசிலுக்கு உள்ளே 2 மி.மீ., வெளியே அரை மி.மீ. ஆரம் என்று தொடங்கவும். இரட்டை நாசிலுக்கு வெளி ஆரத்தை அரை அரை மி.மீ.யாக 2 வரை ஏற்றி நான்கு இணைகள் அச்சிட்டு, தராசில் உந்தத்தைச் சமமாக்கி, 200 ஹெர்ட்ஸ் கோடு எந்த இணையில் தாழ்கிறது என்று பார்க்கவும். ஆம்ப்ளிஃபயர் அதே உந்தத்துக்கு எவ்வளவு கூடுதல் மின்சாரம் கேட்கிறது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளவும். படுக்கையறை விளக்குக்கும் தொழிற்கூட மின்பெட்டிக்கும் அந்த இரண்டு எண்களில் வெவ்வேறு எண்தான் முன்னுரிமை பெறும்.